நுவரெலியாவில் ஸ்டேக் இரவுச் சாப்பாடு: மேசை பிடிக்குமுன் பார்க்க வேண்டியவை

முதலில் கலண்டரைப் பாருங்கள். போயா தினத்தில் இலங்கையில் எங்கும் மதுபானம் விற்க முடியாது. இறைச்சிக் கடைகளும் அன்று மூடியிருக்கும். பெரிய ஹோட்டல்கள் முன்கூட்டியே வாங்கி வைத்ததைச் சமைத்துக் கொடுப்பதுண்டு. சிறிய உணவகத்தில் அன்று ஸ்டேக் கிடைக்கும் என்று நம்பிக் கிளம்பாதீர்கள். நம் குடும்பங்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. போயா என்றால் பௌர்ணமி. தைப்பூசம், பங்குனி உத்திரம், சித்திரா பௌர்ணமி எல்லாம் அதை ஒட்டித்தான் வரும். கூட வரும் பெரியம்மா விரதம் என்றால் அந்த இரவு அவருக்கு வெறும் சூப்போடு முடிந்துவிடும். வெள்ளிக்கிழமையும் பல வீடுகளில் மரக்கறி நாள். முடிந்தால் ஞாயிறு இரவை எடுங்கள். வார இறுதிக்கு வந்த கூட்டம் கொழும்புக்கு இறங்கிவிடும், சமையலறைக்கும் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும்.

ஏப்ரல் வேறு உலகம். புத்தாண்டை ஒட்டிய சீசனில் குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி என்று ஊர் நிரம்பி வழியும். அந்த மாதத்துக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே மேசை பிடியுங்கள். முற்பணம் கேட்டால் கொடுத்துவிட்டு, வர முடியாமல் போனால் அது திரும்பக் கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மற்ற மாதங்களில் சாதாரண நாளுக்கு இரண்டு நாள் முன்பு அழைத்தால் போதும்.

அந்த அழைப்பில் கேட்பதை வைத்துத்தான் சாப்பாட்டின் தரம் அமையும். இறைச்சி உள்ளூர்ப்பட்டதா, இறக்குமதியா என்று முதலில் கேளுங்கள். உள்ளூர் மாட்டிறைச்சி பெரும்பாலும் வயது முதிர்ந்த மாடுகளிலிருந்து வருகிறது. கொழுப்பு குறைவு, நார் அதிகம். கறிக்கு அது அருமையானது, ஏனென்றால் மெல்ல வேகும்போது நார் இளகிவிடும். ஆனால் பத்து நிமிடத்தில் வாட்டி எடுக்கும் ஸ்டேக்கில் அதற்கு நேரமில்லை. உள்ளூர் இறைச்சிதான் என்றால் டெண்டர்லொயின் மட்டும் கேளுங்கள். அந்தத் தசை மாட்டுக்கு அதிகம் வேலை செய்யாததால் மென்மையாகவே இருக்கும். ரிப் ஐ, சேர்லொயின், டீ போன் போன்ற மற்றத் துண்டுகள் அவுஸ்திரேலியா அல்லது நியூசிலாந்து இறைச்சியாக இருந்தால் எடுக்கலாம். ருசி அதிகம் வேண்டுமானால் ரிப் ஐ, அதிலுள்ள கொழுப்புத்தான் ருசி தருவது.

அடுத்ததாக, உறைய வைத்த இறைச்சியை எப்போது இறக்குகிறார்கள் என்று கேளுங்கள். ஃப்ரீசரிலிருந்து குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றி 24 மணித்தியாலமாவது மெல்ல உருகினால்தான் சாறு உள்ளே நிற்கும். அவசரத்துக்குச் சுடுதண்ணீரில் போட்டு உருக்கிய துண்டு தட்டில் தண்ணீர் விட்டுக்கொண்டு, சாம்பல் நிறத்தில், ரப்பராக வரும். "எட்டுப் பேர் வருகிறோம், ஐந்து ரிப் ஐ, இரண்டு டெண்டர்லொயின், ஒரு மீன்" என்று முன்கூட்டியே சொன்னால் அந்தச் சிக்கலே வராது. நல்ல சமையல்காரர் இப்படிச் சொல்வதை விரும்புவார்.

பிறகு எடையும் தடிப்பும். மெனுவில் போட்டிருக்கும் 250 கிராம் என்பது பச்சையான எடை. வெந்தபின் நாலில் ஒரு பங்கு குறைந்து கிட்டத்தட்ட 190 கிராம் தட்டில் வரும். ஆனால் எடையைவிடத் தடிப்பு முக்கியம். 2.5 செ.மீ.க்குக் குறையாத துண்டில்தான் வெளியே சிவந்து உள்ளே இளஞ்சிவப்பாக நிற்கும். ஒரு செ.மீ. துண்டை மீடியம் ரெயராக, அதாவது உள்ளே இளஞ்சிவப்பாக, எடுப்பது நல்ல சமையல்காரருக்கும் மிகக் கடினம். வெளி நிறம் பிடிப்பதற்குள் உள்ளே முழுக்க வெந்துவிடும்.

மாட்டிறைச்சி தொடாதவர்கள் நம் மேசைகளில் எப்போதும் இருப்பார்கள். அவர்களுக்காகக் கேட்பதில் கூச்சப்படாதீர்கள். கோழி, ஆட்டிறைச்சிச் சொப்ஸ், அறுக்குளா மீன் எல்லாம் பொதுவாகக் கிடைக்கும். கேட்க வேண்டியது வேறு. மாட்டிறைச்சி வாட்டும் அதே கிரில்லிலா அவை வேகின்றன? தனித் தட்டையான கல்லோ வாணலியோ வைத்துச் செய்து தர முடியுமா? வெங்காய சூப்பைப் பலர் மரக்கறி என்றே நினைத்து எடுக்கிறார்கள், அதன் அடி பெரும்பாலும் மாட்டெலும்பு வேகவைத்த சாறு. மாட்டிறைச்சி தவிர்ப்பவருக்கு மிளகு சோஸ், காளான் சோஸ் விஷயத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். வூஸ்டர் சோஸில் நெத்தலி வகை மீன் சேரும், ஆகவே மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவருக்கு அதுவும் ஆகாது. முஸ்லிம் நண்பர்கள் வந்தால் இறைச்சி ஹலாலா என்பதோடு நிறுத்தாமல், சோஸில் வைனோ பிராண்டியோ ஊற்றுகிறார்களா, பன்றி இறைச்சிக்கும் அதே கிரில்லா என்றும் கேளுங்கள். இவ்வளவையும் சாப்பாட்டு மேசையில் எல்லார் முன்னாலும் விசாரித்தால் கேட்பவருக்கும் சங்கடம், பரிமாறுபவருக்கும் பதில் தெரியாது. தொலைபேசியில் சமையலறையைக் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

எவ்வளவு வேக வேண்டும் என்பதை வெப்பநிலையாகத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. நடுப்பகுதி 50 முதல் 52 பாகை செல்சியஸ் வரை ரெயர், 54 முதல் 57 வரை மீடியம் ரெயர், 60 முதல் 63 வரை மீடியம், 70ஐத் தாண்டினால் வெல்டன், அதாவது முழுக்க வெந்தது. முதல் தடவை சாப்பிடுபவருக்கு மீடியம் சரியாக இருக்கும். இரத்தம் என்று பயப்படும் சிவப்புச் சாறு இரத்தமல்ல, தசையிலுள்ள மயோகுளோபின் என்ற புரதம் கலந்த நீர். வெல்டன்தான் பிடிக்குமென்றால் டெண்டர்லொயினை நடுவே பிளந்து விரித்து வாட்டச் சொல்லுங்கள். முழுத் துண்டாக விட்டால் உள்ளே வேகுமுன் வெளியே கரியும், அரை மணித்தியாலத்துக்கு மேல் காத்திருக்கவும் வேண்டும். மேசையில் ஒருவர் வெல்டன் கேட்டால் மற்றவர்களின் தட்டும் அதுவரை தாமதமாகும். பிள்ளைகளின் சாப்பாட்டை முதலில் கொண்டுவரச் சொல்லிவிடுங்கள்.

ஊரின் குளிரையும் கணக்கில் எடுக்க வேண்டும். நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை இரவுகளில் வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே இறங்கும். குளிர்ந்த பீங்கான் தட்டில் வைத்த ஸ்டேக் சில நிமிடங்களில் ஆறி, கொழுப்பு உறைந்து வாயில் ஒட்டும். தட்டைச் சூடாக்கித் தரச் சொல்லுங்கள். புகையும் சத்தமுமாக வரும் இரும்புத் தட்டில் வேண்டுமென்றால் ஒரு படி குறைத்துச் சொல்லுங்கள், மேசைக்கு வந்த பிறகும் அந்தத் தட்டு இறைச்சியை வேகவைத்துக்கொண்டே இருக்கும். மீடியம் வேண்டுபவர் மீடியம் ரெயர் கேட்பதே சரி. உயரம் காரணமாக இங்கே தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். மசித்த உருளைக்கிழங்கில் கட்டி தட்டுப்பட்டால் பெரும்பாலும் சமவெளிக் கணக்கில் நேரம் வைத்து இறக்கியிருப்பார்கள். பக்க உணவாக ஊர் கரட், லீக்ஸ், பீட்ரூட் இருந்தால் அதையே எடுங்கள், இதைவிடப் புதிதாக வேறெங்கும் கிடைக்காது.

இடம் கேட்கும்போது விறகு எரியும் கணப்புக்கு மிக அருகிலும் வேண்டாம், பழைய கண்ணாடி ஜன்னலோரமும் வேண்டாம். ஒன்றில் வியர்க்கும், மற்றதில் காற்று ஊடுருவும். இரண்டுக்கும் நடுவே கேளுங்கள். உடை விஷயத்தில் ஸ்டேக் உணவகங்களில் நல்ல சேர்ட்டும் மூடிய சப்பாத்தும் போதும். ஊரின் பழைய ஹில் கிளப்பில்தான் இரவுச் சாப்பாட்டுக்குக் கோட்டும் டையும் எதிர்பார்ப்பார்கள்.

பில்லில் அதிர்ச்சி வராமலிருக்க, மெனு விலையில் வரி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சேரவில்லையென்றால் 10 வீதச் சேவைக் கட்டணமும், அதற்கு மேல் 2024 ஜனவரியிலிருந்து 18 வீதமாக உள்ள வற் வரியும் கூடும். 8,000 ரூபா ஸ்டேக்குக்கு முதலில் 800 சேர்ந்து 8,800, அதில் 18 வீதம் 1,584, ஆக 10,384 ரூபா. மெனு விலையை 1.3ஆல் பெருக்கிக்கொண்டு போனால் மனக்கணக்குக்குச் சரியாக இருக்கும். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மதுபானம் பரிமாறமாட்டார்கள். சொந்தப் போத்தல் கொண்டுபோக அனுமதி உண்டா, அதற்குக் கட்டணம் எவ்வளவு என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

ஆறரைக்கே போய் உட்காருங்கள். மலை ஊர்களில் சமையலறை சீக்கிரம் மூடும், கடைசி ஓர்டர் எத்தனை மணிக்கு என்று கேட்டு வையுங்கள். திரும்பிப் போக ஓட்டோவைச் சாப்பிடப் போகும்போதே பேசி, அதே சாரதியை வரச் சொல்லுங்கள். நானுஓயாப் பக்கம் தங்கியிருந்தால் இது இன்னும் அவசியம், அங்கே ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர். றம்பொடை வழியாக இரவில் இறங்குவதைத் தவிருங்கள். பனிமூட்டம் விழுந்தால் அடுத்த வளைவே தெரியாது.

மிச்சத்தைப் பார்சல் கட்டினால், தங்குமிடத்தில் குளிர்சாதனப் பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். அறை குளிர்தானே என்று ஜன்னலோரம் வைக்காதீர்கள். இறைச்சிக்கு 5 பாகைக்குக் கீழே வேண்டும், நுவரெலியா அறை அவ்வளவு குளிராது. இரண்டு மணித்தியாலத்துக்குள் பெட்டிக்குள் போகாத துண்டைக் காலையில் சாப்பிடவேண்டாம்.