நீல் தீவில் நான்கு இரவு: நாகர்கோவிலிலிருந்து முதல்முறை கிளம்புகிறவர்களுக்கு

“வாசல்ல கடலை வச்சுக்கிட்டு, கடல் பார்க்கவா பிளைட் ஏறப் போற?” அந்தமானுக்கு டிக்கெட் போட்ட அன்று மைனி கேட்ட கேள்வி இது. நியாயம்தான். ஆனால் முட்டத்திலும் குளச்சலிலும் அலையைப் பார்க்கலாமே தவிர, அதில் சாவகாசமாக உட்கார முடியாது. நம்மூர்க் கடல் காலை இழுக்கும். நீல் தீவின் பரத்பூர் கடற்கரையில் பவளத்திட்டு அலையை வெளியிலேயே உடைத்துவிடுகிறது. உள்ளே இடுப்பளவுத் தண்ணீர் குளம் போலக் கிடக்கும். நீச்சல் தெரியாத மைனி ஒரு காலைப்பொழுது முழுக்க அதில்தான் உட்கார்ந்திருந்தார்.

1. ஒரே ஒரு தீவு

அந்தமான் என்றாலே எல்லோரும் ஹேவ்லாக் போகிறார்கள். பக்கத்திலேயே இருக்கும் நீல் தீவில் பாதிப்பேர் சும்மா எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். முதல் தடவை நாங்களும் அப்படித்தான், ஐந்து நாளில் மூன்று தீவு. பார்த்ததை விடப் பெட்டி கட்டியதுதான் அதிகம். ஓய்வுதான் வேண்டும் என்றால் நீலில் மட்டும் நான்கு இரவு தங்குங்கள். சைக்கிளிலேயே சுற்றிவிடக்கூடிய சின்னத் தீவு. நடுவில் காய்கறித் தோட்டமும் வாழையும் தென்னையும். 1960-களில் குடியேற்றப்பட்ட வங்காளிக் குடும்பங்களின் ஊர் அது.

2. மாதம்

ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்லது. பள்ளி விடுமுறைக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: நமக்கு ஜூன் தொடக்கத்தில் வரும் தென்மேற்குப் பருவமழை அங்கே மே மூன்றாவது வாரத்திலேயே தொடங்கிவிடும். ஏப்ரல் சரி, மே பின்பாதி வேண்டாம். நவம்பர் கடல் எப்படி இருக்கும் என்று 2017 ஒக்கிப் புயலைப் பார்த்த நமக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

3. நாள் கணக்கு

ஞாயிறு மாலை கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ். திங்கள் காலை எழும்பூர் வரை போகாமல் தாம்பரத்திலேயே இறங்கி, அந்தப் பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்டிலோ லாட்ஜிலோ தங்கிவிடுங்கள். ரயில் வந்து சேரும் அன்றே விமானம் போடாதீர்கள். ரயில் இரண்டு மணி நேரம் தாமதமானால் மொத்தத் திட்டமும் போச்சு. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் நான்காவது ஸ்டேஷன் திரிசூலம், எதிரிலேயே விமான நிலையம்.

செவ்வாய் போர்ட் பிளேருக்கு விமானம், இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். புதன் அங்கிருந்து நீலுக்குப் படகு. ஞாயிறு வரை நீல். ஞாயிறன்றே போர்ட் பிளேருக்குத் திரும்பிவிட்டு, திங்கள்தான் ஊருக்கு விமானம். இடையில் வரும் அந்த ஓர் இரவை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். காற்று ஏறினால் படகை நிறுத்திவிடுவார்கள். எங்கள் முதல் பயணத்தில் அப்படி நின்றதில், விமான டிக்கெட் பணம் முழுதாகப் போயிற்று.

மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்தவர்களுக்கு திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி சென்னையில் மாறுவது லேசு.

4. டிக்கெட்

முதலில் விமானம், இரண்டு மூன்று மாதம் முன்பே. ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கும். படகு கடைசியில். அரசுப் படகு மலிவு, ஆனால் இடம் கிடைப்பது பாடு. தனியார் படகுகளில் இணையத்திலேயே எடுத்துவிடலாம்.

தேடும்போது ஒரு குழப்பம் வரும். நீல் தீவின் பெயர் 2018-லிருந்து ஷாகீத் த்வீப், போர்ட் பிளேர் 2024-லிருந்து ஸ்ரீ விஜயபுரம். ஒரு பெயரில் கிடைக்காவிட்டால் இன்னொன்றைப் போட்டுப் பாருங்கள். இந்தியக் குடிமக்களுக்குத் தனி அனுமதிச் சீட்டு தேவையில்லை, ஆதார் மாதிரி ஓர் அடையாள அட்டை போதும்.

5. கடிகாரமும் கடலும்

நாங்கள் ஏமாந்தது இதில்தான். சூரியன் மறைவதைப் பார்க்க லக்ஷ்மண்பூர் கடற்கரைக்கு ஆறு மணிக்குச் சாவகாசமாகப் போனோம். கும்மிருட்டு. அண்ணன் டார்ச் அடித்து மணலைக் காட்ட, மைனி, “நல்ல அஸ்தமனம்” என்றார்.

காரணம் எளிது. அங்கேயும் நம்ம கடிகாரம்தான், ஆனால் தீவு நமக்குக் கிழக்கே சுமார் 15 பாகை தள்ளி இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். ஆக ஒரு மணி நேரம். ஜனவரியில் ஐந்தேகாலை ஒட்டிச் சூரியன் போய்விடும். ஆகவே நான்கரைக்கெல்லாம் லக்ஷ்மண்பூரில் இருங்கள். உதயத்துக்கு எதிர்ப்பக்கம் உள்ள சீதாபூர். நம்ம முக்கடலில் நின்ற இடத்திலேயே இரண்டையும் பார்த்துப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் அலைச்சல்தான்.

அடுத்தது நீர்மட்டம். நம்மூரில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டர்கூட இருக்காது, அதனால் நாம் அதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. அங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இரண்டு மீட்டர் அளவுக்குப் போகும். நீர் இறங்கிய நேரத்தில் பரத்பூரில் குளிக்கப் போனால் கால் முழுக்கப் பவளம் கிழிக்கும். அதே நேரம்தான் இயற்கைப் பாறைப் பாலத்தைப் பார்க்கத் தோது. பாசி பிடித்த பாறைக் குழிகளில் கடல் அட்டையும் நண்டும் கிடக்கும். நீர் இறங்கும் நேரம் தினமும் ஐம்பது நிமிடம்போலத் தள்ளிப்போகும், ஆகவே தங்கும் இடத்தில் காலையில் கேட்டுவிட்டு அன்றைய நாளைத் தீர்மானியுங்கள். வேறு திட்டமே வேண்டாம்.

6. பை

பழைய ரப்பர் செருப்பு, கையில் போதுமான ரொக்கம், ஏத்தங்காய் வற்றல் இரண்டு பாக்கெட். மட்டிப்பழம் வேண்டாம், தாம்பரம் தாண்டாது. சாயங்காலம் மணல் ஈ கடிக்கும். காலில் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டால் கொஞ்சம் தப்பலாம், அது எப்படியும் நம் பையில் இருக்குமே.

7. திரும்பும் நாள்

பெட்டியை மூடுமுன் பிள்ளைகளின் கால்சட்டைப் பையைத் தட்டிப் பாருங்கள். பவளம் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் வருவது, செத்த துண்டைக்கூட எடுத்துவரக் கூடாது. விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள். எங்கள் வீட்டில் பிள்ளைகளிடம் ஒன்றும் இல்லை. மைனியின் கைப்பையில்தான் மூன்று இருந்தன.