பெண் குழந்தைக்கு இரண்டாவது பெயர்: கூப்பிட்டுப் பார்த்து வையுங்கள்

முதல் பெயர் ஆ, இ போன்ற உயிரோசையில் முடிந்தால், இரண்டாவது பெயர் க, ச, ந, ம போன்ற எழுத்தில் தொடங்கட்டும். அ, ஆ, இ என்று தொடங்கும் பெயர் வேண்டாம்.

நம் பெண் பெயர்களில் பெரும்பாலானவை ஆ-விலோ இ-யிலோதான் முடிகின்றன. அடுத்ததும் உயிரெழுத்தானால் நடுவில் ‘வ்’, ‘ய்’ தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். ‘நிலா அமுதா’ என்று ஆசையாக வைத்தாலும் வேகமாகக் கூப்பிடும்போது ‘நிலாவமுதா’ என்றுதான் கேட்கும். காதில் விழுந்ததை எழுதுகிறவர் ஒரே பெயராக எழுதிவிடுவார். ‘நிலா செந்தாமரை’ என்று சொல்லிப் பாருங்கள், இரண்டும் தனித்தனியாக நிற்கும். அடுக்களையிலிருந்து வாசலுக்குக் கேட்கிற மாதிரி மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அமுதா என்பது பாட்டி பெயர், விட மனமில்லை என்றால்? சரி, வரிசையை மாற்றுங்கள்: ‘அமுதா நிலா’. ஒட்டல் போய்விட்டது.

இரண்டையும் சேர்த்து ஒரே பெயராக வைக்கிறவர்களுக்கு இது பொருந்தாது. அப்பா பெயரின் முதலெழுத்தை மட்டும் இனிஷியலாகப் போடுகிறவர்களுக்கும் தேவையில்லை.

அப்புறம், இந்திய பாஸ்போர்ட்டில் நடுப்பெயருக்குத் தனிக் கட்டம் கிடையாது. குழந்தையின் இரண்டு பெயர்களும் ‘கிவன் நேம்’ கட்டத்தில்தான் வரும். அதனால் பிறப்புச் சான்றிதழிலேயே நடுவில் இடம் விட்டு எழுதியிருக்கிறார்களா என்று பார்த்து வாங்குங்கள்.