மீட்டரில் சறுக்கும் இடங்கள்

விடைத்தாளில் சூத்திரம் சரி, எண்களைப் பிரதியிட்டதும் சரி, ஆனால் விடை ஆயிரம் மடங்கு விலகி நிற்கிறது. இப்படி ஒரு தாளைப் பார்த்தால் நான் முதலில் தேடுவது அலகு மாற்றிய வரியைத்தான். பெரும்பாலும் தவறு அங்கேதான் இருக்கும்.

ஓர் உதாரணம். 10 மீட்டர் நீளச் செம்புக் கம்பி, குறுக்குவெட்டுப் பரப்பு 2 சதுர மி.மீ. அதன் மின்தடையைக் கண்டுபிடிக்க வேண்டும்; மின்தடை எண்ணை நீளத்தால் பெருக்கிப் பரப்பால் வகுக்க வேண்டும். செம்பின் மின்தடை எண் 1.7 × 10⁻⁸ ஓம் மீட்டர். மில்லிமீட்டரை மீட்டராக்க 1000ஆல் வகுக்க வேண்டும் என்பது மாணவருக்குத் தெரியும். அதே பழக்கத்தில் பரப்பையும் 1000ஆல் வகுத்துவிடுகிறார். பரப்பில் நீளமும் இருக்கிறது, அகலமும் இருக்கிறது. இரண்டையும் மாற்ற வேண்டாமா? வகுக்க வேண்டியது 10 லட்சத்தால். சரியான விடை 0.085 ஓம். அவருக்குக் கிடைப்பதோ 0.000085 ஓம்.

படித்து முடித்த பிறகும் இந்தத் தவறு விடுவதில்லை. ஒரு மீட்டர் சுமார் 3.28 அடி என்பதால், 100 சதுர மீட்டர் வீட்டை 328 சதுர அடி என்று கணக்கிடுபவர்கள் உண்டு. உண்மையில் அது ஏறக்குறைய 1076 சதுர அடி. கன அளவில் மூன்று முறை பெருக்க வேண்டும்: ஒரு கன மீட்டர் என்பது 10 லட்சம் கன செ.மீ., அதாவது 1000 லிட்டர்.

சொல் வரிசையையும் கவனியுங்கள். '5 சதுர மீட்டர்' வேறு, '5 மீட்டர் சதுரம்' வேறு. இரண்டாவதன் பரப்பு 25 சதுர மீட்டர்.

எழுதும் முறைக்கு வருவோம். மீட்டரின் குறியீடு ஆங்கிலச் சிறிய எழுத்து 'எம்'. பெரிய எழுத்து 'மெகா'வுக்கு உரியது. மில்லிமீட்டர் எழுதும்போது முதல் எழுத்தைப் பெரிதாக்கினால் அது மெகாமீட்டர், அதாவது 1000 கி.மீ.! பன்மைக்கு 'எஸ்' சேர்ப்பதும் கூடாது.

அளவுகோலின் முனை தேய்ந்திருந்தால் 1 செ.மீ. கோட்டிலிருந்து அளப்பது நல்ல வழக்கம். அப்புறம் அந்த 1 செ.மீட்டரைக் கழிக்க மறந்துவிடுவார்கள். கண்ணும் கோட்டுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். சாய்ந்து பார்த்தால் இடமாறு தோற்றப்பிழை வரும்.

வரையறையில் இன்னொரு குழப்பம். மீட்டர் என்றால் பாரிசுக்கு அருகில் பாதுகாக்கப்படும் பிளாட்டினம்-இரிடியம் தண்டு என்று இன்றும் எழுதுகிறார்கள். அந்தத் தண்டு 1960லேயே ஓய்வு பெற்றுவிட்டது. பிறகு கிரிப்டான்-86 அணு உமிழும் ஒளியின் அலைநீளம் அடிப்படையானது. 1983 முதல், வெற்றிடத்தில் ஒளி 1/29,97,92,458 விநாடியில் செல்லும் தொலைவுதான் ஒரு மீட்டர். எனவே ஒளியின் வேகத்தை அளந்து விநாடிக்கு 29,97,92,458 மீட்டர் என்று கண்டுபிடித்தார்கள் என்று இன்று சொல்வது பொருந்தாது. அந்த எண் வரையறையாலேயே துல்லியமானது. நேரத்தை அளந்தால் தொலைவு வந்துவிடும் என்பது எவ்வளவு அழகான ஏற்பாடு!

நிலவின் தொலைவையும் இப்படித்தான் அளக்கிறார்கள். 1969இல் அப்போலோ 11 வீரர்கள் அங்கே வைத்த எதிரொளிப்பானுக்கு லேசர் துடிப்பை அனுப்பினால், சுமார் 2.56 விநாடியில் அது திரும்பி வருகிறது. ஒளியின் வேகத்தால் பெருக்கினால் ஏறக்குறைய 7.68 லட்சம் கி.மீ. இதை அப்படியே விடையாக எழுதிவிடாதீர்கள். ஒளி போய்த் திரும்பியிருக்கிறது; இரண்டால் வகுத்தால்தான் 3.84 லட்சம் கி.மீ.