வழக்குரைஞரான பிறகு எல்.எல்.எம்.: வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் முறை

சில ஆண்டுகள் வழக்காடிவிட்டு வெளிநாட்டில் எல்.எல்.எம். என்னும் சட்ட முதுநிலைப் படிப்புக்குச் செல்ல நினைக்கும் வழக்குரைஞர் எந்தப் பல்கலைக்கழகம் என்று தேடத் தொடங்குமுன், எதற்காகப் படிக்கிறோம் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். கோரும் பரிகாரம் இன்னதென்று தெளியாமல் நாம் தாவா தாக்கல் செய்வதில்லை அல்லவா? இந்தியச் சட்டக் கல்லூரியில் ஆசிரியராவதே நோக்கம் என்றால் எல்.எல்.எம். பட்டத்தோடு கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் தேர்வில் தேர்ச்சியும் தேவைப்படும். அதற்கு தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் நுழைவுத் தேர்வான கிளாட் முதுநிலைத் தேர்வை எழுதி, திருச்சியிலுள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் போன்ற ஒன்றில் சேர்வது வெளிநாட்டை விடச் செலவு மிகக் குறைந்த வழியாகும்.

வெளிநாட்டில் தொழில் செய்வதே நோக்கம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். இங்கிலாந்தில் சொலிசிட்டராவதற்கு எல்.எல்.எம். தேவையில்லை, 2021இல் நடைமுறைக்கு வந்த எஸ்.கியூ.இ. என்னும் சொலிசிட்டர் தகுதித் தேர்வுகளே அதற்குரிய வழி. கலிபோர்னியாவில், தம் நாட்டில் வழக்குரைஞராகப் பதிவு பெற்றவர் எல்.எல்.எம். இல்லாமலே, அங்கே வழக்குரைஞராவதற்கான பார் தேர்வை எழுதலாம். நியூயார்க்கில், நம் பட்டம் கால அளவிலும் உள்ளடக்கத்திலும் அமெரிக்கப் படிப்புக்கு ஈடானது என்று அங்குள்ள தேர்வு வாரியம் ஏற்றுக்கொண்டால் நேரடியாகவே எழுதலாம். இவ்விரண்டில் ஒன்றில் மட்டும் குறை இருந்தால், அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற சட்டப் பள்ளியில் விதிகளுக்குட்பட்டு, குறைந்தது 24 கிரெடிட் (பாட அளவைக் குறிக்கும் அலகு) கொண்ட எல்.எல்.எம். படித்து அதை ஈடு செய்யலாம். அந்த மதிப்பீட்டுக்குப் பல மாதங்கள் ஆகும் என்பதால், கல்விக் கட்டணம் கட்டிய பிறகு அல்ல, அதற்கு முன்பே அதற்கு விண்ணப்பித்துவிடுவது நல்லது.

பட்டங்களின் பெயர்களைக் கண்டு மயங்க வேண்டாம். ஆக்ஸ்போர்டின் பி.சி.எல். (பேச்சிலர் ஆஃப் சிவில் லா) பெயரளவில் இளநிலைப் பட்டம் போலத் தோன்றினாலும், நம்மைப் போன்று, முந்தைய தீர்ப்புகளை முன்னுதாரணமாகக் கொள்ளும் ஆங்கிலேயப் பொதுச் சட்ட மரபில் பயின்றவர்களுக்கான முதுநிலைப் படிப்பு அது. பிற மரபினருக்கு அங்கே எம்.ஜூர். என்ற இணைப் படிப்பு இருக்கிறது. (மீண்டும் ஒரு பேச்சிலர் பட்டமா என்று உறவினர்கள் கேட்பார்கள், பதிலைத் தயாராக வைத்திருங்கள்.) யேல் பல்கலைக்கழகத்தின் எல்.எல்.எம். பெரிதும் ஆசிரியப் பணியை நாடுவோருக்கானது. இடங்களும் மிகச் சில. அமெரிக்க எல்.எல்.எம். ஒரு கல்வியாண்டில் முடிந்துவிடும், அங்கே அடிப்படைச் சட்டப் பட்டமான மூன்றாண்டு ஜே.டி. படிப்புக்குக் கேட்கப்படும் எல்சாட் நுழைவுத் தேர்வு பொதுவாக இதற்குத் தேவைப்படாது.

வகுப்புகள் ஆகஸ்ட் முதல் அக்டோபருக்குள் தொடங்கும். பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் அதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே விண்ணப்பக் காலம் முடிந்துவிடும். ஆகவே உயர் நீதிமன்றத்தின் மே மாத விடுமுறையிலேயே வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது. இரண்டாண்டுப் பணி அனுபவமும், படிப்பு முடிந்ததும் இரண்டாண்டு தாய்நாட்டில் இருக்கும் உறுதியும் கேட்கும் பிரிட்டனின் செவனிங் உதவித்தொகைக்கு, பல்கலைக்கழகச் சேர்க்கை உறுதியாவதற்கு வெகுமுன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்பதைப் பலர் தாமதமாகத்தான் அறிகிறார்கள்.

ஆவணங்களில் தமிழர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. பட்டச் சான்றிதழில் ‘ஆர். கவிதா’ என்றிருப்பவர் கடவுச்சீட்டில் தந்தை பெயர் விரிந்து ‘கவிதா ராஜேந்திரன்’ ஆகியிருப்பார். ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது டோஃபல் ஆங்கிலத் தேர்வுப் பதிவு, விண்ணப்பப் படிவம், விசா ஆகிய அனைத்திலும் கடவுச்சீட்டில் உள்ள பெயரையே எழுதி, இருவரும் ஒருவரே என்ற நோட்டரி சான்றிட்ட பிரமாணப் பத்திரத்தை உடன் வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் ஆவணங்களைப் பல அமெரிக்கச் சட்டப் பள்ளிகள் சட்டப் பள்ளிச் சேர்க்கைக்கான எல்.எஸ்.ஏ.சி. அமைப்பின் வழியாகவே பெறுகின்றன. நாம் படித்த பல்கலைக்கழகமே அவற்றை நேரடியாக அங்கே அனுப்ப வேண்டியிருப்பதால், நகல் கேட்டு முதலிலேயே பணம் கட்டிவிட வேண்டும். நம் சட்டப் படிப்பில் 60 விழுக்காடு முதல் வகுப்பு என்பது அயல்நாட்டுத் தேர்வுக்குழுவுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வகுப்பில் எத்தனையாவது இடம் என்பதைக் காட்டும் தரவரிசைச் சான்று கிடைத்தால் அது வெறும் மதிப்பெண்ணை விடத் தெளிவாகப் பேசும்.

பரிந்துரைக் கடிதத்துக்காகப் பெரிய பதவியில் இருப்பவரை நாடுவது நம்மிடையே உள்ள தவறான பழக்கம். நம்மை அறியாத ஒருவர் எழுதும் இரண்டு வரிப் புகழுரையால் பயனில்லை. நம் வரைவுகளைத் திருத்திய சீனியர் ஒரு குறிப்பிட்ட வழக்கில் நாம் செய்த ஆய்வை விவரித்து எழுதினால் அதற்கு மதிப்புண்டு. ஆனால் சீனியரின் கடிதம் மட்டும் போதாது. ஆக்ஸ்போர்டு போன்ற இடங்கள் கல்விசார் பரிந்துரைகளையே பெரிதும் எதிர்பார்க்கின்றன. கல்லூரியை விட்டு ஏழெட்டு ஆண்டுகள் ஆனவர், பழைய பேராசிரியரைத் தம் அண்மை எழுத்துகளோடு நேரில் சென்று சந்திப்பதே முறை.

நோக்க அறிக்கைதான் விண்ணப்பத்தின் உயிர். சிறுவயதிலிருந்தே நீதியின் மீது ஆர்வம் என்று தொடங்கும் அறிக்கையை யாரும் எழுதிவிட முடியும். நீதிமன்றத்தில் நின்றவரிடம் மட்டுமே இருக்கக்கூடிய கேள்வி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக, மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவின் கீழ், பணமின்றித் திரும்பிய காசோலை வழக்குகளை ஆண்டுக்கணக்கில் நடத்திய ஒருவர், கடனை வசூலிக்கக் குற்றவியல் நீதிமன்றத்தைப் பயன்படுத்துவது சரிதானா என்று கேட்கலாம். பிற நாடுகள் இதை எப்படிக் கையாளுகின்றன, அங்குள்ள எந்தப் பாடம் தம் கேள்விக்கு விடை தேட உதவும் என்று மேலே செல்லலாம். கட்சிக்காரரின் பெயரோ, அவரை அடையாளம் காட்டும் தகவலோ இடம்பெறக் கூடாது. தன்விவரக் குறிப்பில் தந்தை பெயர், மதம், புகைப்படம் ஆகியவற்றை விட்டுவிட்டு, சட்ட இதழ்களில் வெளியான தீர்ப்புகளில் தாம் ஆஜரானவற்றின் மேற்கோள் எண்களைத் தாருங்கள்.

சேர்க்கைக் கடிதம் வந்ததும், பிரிட்டன் மாணவர் விசாவுக்காகப் பொதுவாகத் தேவையான தொகை 28 நாட்கள் தொடர்ந்து கணக்கில் இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். அதே வாரங்களில், கையிலுள்ள கேஸ் கட்டுகளை யாரிடம் ஒப்படைப்பது என்று கட்சிக்காரர்களிடம் பேசி, அவர்கள் சம்மதத்தோடு புதிய வக்காலத்து தாக்கலாகும்படி செய்து, முன்பணக் கணக்கையும் தீர்த்துவிட்டுப் புறப்பட வேண்டும்.