தோடர் சால்வை வாங்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

ஊட்டிக்குப் போய்வருகிற பலர் வர்க்கி, நீலகிரித் தைலத்தோடு, வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்த ஒரு சால்வையும் வாங்கி வருவார்கள். நீலகிரியின் தோடர் பழங்குடிப் பெண்கள் கையால் தைத்தது, அவர்களுக்கு நம்மால் ஆன உதவி என்ற நிறைவும் கூடவே வரும். அந்த நல்ல மனதை நான் மதிக்கிறேன். ஆனால் அதே நல்ல மனதோடு நாம் செய்கிற சில தவறுகளால், பல நேரம் ஊசி பிடித்த கைக்கு உரிய பணம் போய்ச் சேர்வதில்லை.

அச்சடித்ததையும் மெஷினில் தைத்ததையும் தோடர் வேலை என்று நம்பிவிடுவதில் தொடங்குகிறது இது. நீலகிரியில் தோடர்கள் மொத்தமே இரண்டாயிரம் பேர் அளவில்தான் இருக்கிறார்கள். பூவேலை தெரிந்த பெண்கள் அதில் ஒரு பகுதியினரே. கடைவீதியில் தொங்குகிற அத்தனையையும் அவர்களே தைத்திருக்க முடியாது. துணியில் எதையும் வரைந்துகொள்ளாமல், நெடுக்கே ஓடும் பாவு நூலையும் குறுக்கே ஓடும் ஊடை நூலையும் இழை இழையாக எண்ணி ஊசி போடுவது அவர்கள் முறை. தடவிப் பார்த்தால் நூல் மேடாகத் தட்டுப்படும். புரட்டிப் பாருங்கள். உண்மையான தோடர் வேலையில் பின்பக்கமும் வெளியே தெரிய உடுத்தும் அளவுக்கு அழகாக இருக்கும். பின்னால் ஒட்டுத்துணியோ, வேறு நிற அடிநூலோ தெரிந்தால் அது மெஷின் வேலை.

அடுத்தது பேரம். இதை நானும் செய்திருக்கிறேன். தோடர் குடியிருப்பான மந்து ஒன்றில் சால்வை விலையைக் கேட்டதும், பழக்க தோஷத்தில் "கொஞ்சம் குறைச்சுக்கங்க" என்றேன். அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் குறைத்துக் கொடுத்தார். அப்புறம்தான் "இதைத் தைக்க எத்தனை நாள் ஆச்சு?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் நாட்களில் இல்லை, வாரங்களில் இருந்தது. அந்தக் கேள்வியை நான் முதலில் கேட்டிருந்தால் விலை குறைக்கச் சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது.

விலை நியாயமா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. அந்த வேலைக்கு எத்தனை முழு நாள் ஆகும் என்று கேளுங்கள். அதே ஊரில் தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாளைக்கு என்ன கூலி என்று விசாரித்து அதோடு பெருக்குங்கள். துணி, நூல் செலவைக் கூட்டுங்கள். கேட்ட விலை இதைவிடக் குறைவு என்றால், மிச்சத்தை அந்தப் பெண் தன் உழைப்பிலிருந்து நமக்குச் சும்மா தருகிறார் என்று பொருள். "வீட்டு வேலைக்கு நடுவே ஓய்வாகச் செய்வதுதானே" என்று சிலர் சொல்வார்கள். சமையல், பிள்ளைகள் எல்லாம் முடிந்து, கண்ணைச் சுருக்கி இழை எண்ணுகிற நேரம் எப்படி ஓய்வாகும்? கூலி கணக்கில் ஏறாமல் போவதே இந்த ஒரு சொல்லால்தான்.

மொத்தமாக வாங்கும் கடைக்காரர்களும் ஆன்லைனில் விற்பவர்களும் செய்கிற பெரிய தவறு, "விற்றதும் பணம் தருகிறோம்" என்பது. பார்க்க நியாயம் போலத் தெரியும். ஆனால் துணிக்கும் நூலுக்கும் கையிலிருந்து போட்டு, மாதக்கணக்கில் காத்திருப்பவர் யார்? கைவினைஞர்தானே. உலக நியாய வணிக அமைப்பின் பத்துக் கொள்கைகளில் ஒன்று இதையும் சொல்கிறது: கைவினைப் பொருளுக்கு, கைவினைஞர் கேட்டால், குறைந்தது 50 விழுக்காடு வட்டியில்லா முன்பணம் தர வேண்டும். முன்பணம் இல்லாவிட்டால் கடன் வாங்க வேண்டும். கடன் கொடுத்தவரிடமே சால்வையை அவர் சொன்ன விலைக்கு விற்க வேண்டியும் வரலாம். என்னைக் கேட்டால், ஒரு கடை நியாயமானதா என்று அறிய முதலில் கேட்க வேண்டியது இந்த முன்பணத்தைப் பற்றித்தான்.

புவிசார் குறியீடு இருக்கிறதே, அது போதாதா என்று நினைப்பதும் தவறு. தோடர் நலவாழ்வுச் சங்கமும் கோத்தகிரியின் கீஸ்டோன் அமைப்பும் தமிழ்நாடு அரசின் கைவினை நிறுவனமான பூம்புகாரும் சேர்ந்து விண்ணப்பித்து, 2013இல் தோடர் எம்பிராய்டரிக்கு அந்தக் குறியீடு கிடைத்தது. போலிகள் அந்தப் பெயரைப் பயன்படுத்துவதைச் சட்டப்படி தடுக்க அது உதவும். தைத்தவருக்கு எவ்வளவு போகிறது என்று அது சொல்லாது.

அதற்காக இடைத்தரகர் எல்லாரும் மோசம் என்று ஒதுக்கவும் வேண்டாம். எல்லாப் பெண்களாலும் சென்னைக்கு வந்து கடை போட முடியாது. துணி வாங்கிக் கொடுத்து, கூலியை முன்பே பேசி, விற்றுத் தருகிற கூட்டுறவுகளும் அமைப்புகளும் தேவை. விற்பனை விலையில் தைத்தவர் பங்கு எவ்வளவு என்று கேளுங்கள். நேர்மையானவர்கள் தயங்காமல் சொல்வார்கள்.

பூவேலையின் கோலம் பற்றியும் ஒரு வார்த்தை. பூத்துக்குளி எனப்படும் இந்தச் சால்வை தோடர்களுக்கு வெறும் குளிர்ச்சால்வை இல்லை. சடங்குகளுக்கு உடுத்துவது அது, இறந்தவரைப் போர்த்துவதும் அதைக்கொண்டுதான். செல்போன் பை, மேசை விரிப்பு என்று அவர்களே புதிதாகச் செய்கிறார்கள். அது அவர்கள் விருப்பம், தாராளமாக வாங்கலாம். ஆனால் மிதியடிக்கோ காலணிக்கோ இந்தக் கோலத்தைக் கேட்பதற்கு முன், இதைச் செய்யலாமா என்று அவர்களிடமே கேட்க வேண்டும். மாதிரிக்கு ஒன்று வாங்கிப் போய் மெஷினில் நகலெடுப்பது சுத்தமான திருட்டு. அவர்களைக் கேட்காமல் படம் எடுத்து விளம்பரத்தில் போடுவதும் கூடாது.

அவசரமும் வேண்டாம். "அடுத்த வாரம் கல்யாணம், பத்துச் சால்வை" என்று கேட்டால் ராத்திரி முழுக்கக் கண்விழித்துத் தைக்க வேண்டியது அவர்கள்தான். பொங்கலுக்கு வேண்டும் என்றால் ஆடியிலேயே சொல்லிவிடுங்கள், பாதிப் பணத்தையும் அப்போதே கொடுத்துவிடுங்கள். மந்தில் சாவு விழுந்தால் வேலை சில நாள் நிற்கும். அதற்கும் சேர்த்துத் தேதி குறியுங்கள்.