பழைய குண்டு டயர் மினிபைக்: வாங்கும்போதும் காட்டில் ஓட்டும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1970களிலும் 80களிலும் அமெரிக்காவில் விற்ற குண்டு டயர் பைக்குகளைத் தேடிப்பிடித்து வாங்குபவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். 1972இல் வந்த சுஸுகி ஆர்வி90, 80களின் நடுவில் வந்த யமஹா பிடபிள்யூ200, அதன் தம்பியான பிடபிள்யூ80, 1986, 1987 ஆகிய இரண்டே ஆண்டுகளின் மாடல்களாக வெளிவந்த ஹோண்டா டிஆர்200 ஃபேட் கேட் ஆகியவையே பெரும்பாலும் கைமாறுகின்றன. ஃபேட் கேட்டும் பிடபிள்யூ200உம் உருவத்தில் மினிபைக்கைவிடச் சற்றுப் பெரியவைதான்; ஆனால் வாங்குபவர்கள் செய்யும் தவறுகள் எல்லாவற்றுக்கும் பொதுவானவை. அவற்றில் முதலாவது, வண்டியைப் பார்க்கப் போனவுடன் என்ஜின் பக்கம் குனிவது. இந்த வகை வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது டயரையும் ரிம்மையும்தான்.

காரணம் எளிது. பிஸ்டன், ரிங், ஆயில் சீல், கேஸ்கெட், கார்புரேட்டர் ஜெட் போன்றவை எப்படியாவது கிடைத்துவிடும். ஃபேட் கேட்டின் என்ஜின் ஹோண்டாவின் மூன்று சக்கர வண்டிகளின் என்ஜின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால், தேடுவதற்கு இடம் நிறைய உண்டு. டயர் அப்படியல்ல. அந்தக் காலத்துக் குண்டு டயர்களின் அளவுகள் பல, அந்தந்த மாடலோடு வந்து அந்தந்த மாடலோடு போனவை. அதனால்தான் விற்பனைக்கு வரும் வண்டிகளில் கணிசமானவற்றில் கரடுமுரடான நிலத்தில் ஓட்டும் நான்கு சக்கர வண்டியான ஏடிவிக்குரிய டயரைப் பொருத்தி வைத்திருப்பார்கள். பார்வைக்கு அது கம்பீரமாகவே இருக்கும். ஆனால் ஏடிவி வளைவில் சாய்வதில்லை. எனவே அதன் டயரின் மேற்பரப்பு தட்டையாகவும் ஓரம் சதுரமாகவும் இருக்கும். இரு சக்கர வண்டியோ சாய்ந்துதான் திரும்ப வேண்டும். தட்டை டயர் மாட்டிய பைக் முதலில் சாய மறுக்கும். வற்புறுத்திச் சாய்த்தால் ஓரத்தைத் தாண்டியவுடன் சட்டென்று விழப் பார்க்கும். மணலில் இது அவ்வளவாகத் தெரியாது. இறுகிய மண் பாதையில் முதல் வளைவிலேயே தெரிந்துவிடும்.

பழைய அசல் டயரே இருந்தாலும் அதன் பட்டன்கள் (தரையைப் பிடிக்கும் மேடுகள்) தேயாமல் இருப்பதைக் கண்டு மகிழ்ந்துவிடக் கூடாது. கொட்டகையில் பல ஆண்டுகள் நின்ற வண்டியின் டயர் தேய்ந்திருக்காது, காய்ந்திருக்கும். பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தச் சொல்லி, கையால் மெல்லச் சுற்றிக்கொண்டே பக்கச் சுவரை, குறிப்பாக ரிம்முக்கு இரண்டு விரற்கடை மேலே உள்ள பகுதியை, டார்ச் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். குறைந்த காற்றில் ஓடும் டயர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிர்வது அந்த இடத்தில்தான். அங்கே நூல்நூலாக வெடிப்புத் தெரிந்தால், அது கண்காட்சிக்கு ஆகுமே தவிர காட்டுக்கு ஆகாது. சாலைக்கென்று செய்த டயராக இருந்தால் பக்கச் சுவரில் DOT என்று தொடங்கும் டாட் குறியீட்டையும் பார்க்கலாம்; அதன் கடைசி இலக்கங்கள் டயர் தயாரான வாரத்தையும் ஆண்டையும் காட்டும். கடைசியில் நான்கு இலக்கத்துக்குப் பதில் மூன்று இலக்கமே இருந்தால் அந்த டயர் 2000ஆம் ஆண்டுக்கு முந்தியது.

ரிம் பற்றி ஓர் எச்சரிக்கை. ஹோண்டா சிடி70 போன்ற சிறு பைக்குகளில் ரிம் ஒரே துண்டாக இல்லாமல், இரண்டு பாதிகளைப் போல்ட்டால் இணைத்ததாக இருக்கும். டயர் மாற்றுகிறேன் என்று காற்றை முழுவதும் இறக்காமல் அந்தப் போல்ட்டுகளைக் கழற்றினால், பாதி ரிம் முகத்தை நோக்கிப் பாயும். வால்வுக் கட்டையையே வெளியே எடுத்து, டயரைக் கையால் அமுக்கிப் பார்த்த பிறகுதான் ஸ்பானரை எடுக்க வேண்டும். ரிம்மின் உள்விளிம்பில் துரு ஏறியிருந்தால், டயர் ரிம்மோடு பொருந்தி உட்காரும் இடத்தில் காற்று கசியும். வாங்கும்போதே அந்த விளிம்பைத் தடவிப் பார்ப்பது, பிறகு வாரத்துக்கு வாரம் காற்றடிப்பதைவிட மேல்.

இனி என்ஜின். ‘நிறுத்தி வைத்தபோது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது’ என்பது விற்பவர்கள் எல்லோரும் சொல்லும் வசனம். அது உண்மையாகவே இருந்தாலும் பயனில்லாதது, ஏனெனில் நிறுத்தி வைத்ததுதான் என்ஜினைக் கெடுத்திருக்கும். போன உடனே என்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே படாதபாடுபட்டுக் கிளப்பி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். ஆறிய நிலையில் உங்கள் கண்ணெதிரே கிளப்பச் சொல்வது மரியாதைக் குறைவாகாது. கிக்கர் இறங்காமல் இறுகியிருந்தால் அதன்மேல் ஏறி நின்று உதைக்கக் கூடாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிச் சிறிது ஆயில் ஊற்றி ஊறவிட்டு, மெல்ல அசைத்துப் பார்க்கலாம். அதற்கும் அசையாவிட்டால் என்ஜினைப் பிரித்துத்தான் ஆக வேண்டும் என்று கணக்கிட்டு விலை பேசுங்கள்.

ஆர்வி90, பிடபிள்யூ80 இரண்டும் டூ ஸ்ட்ரோக் வண்டிகள். இவற்றில் இரண்டு இடங்களில் பலர் ஏமாறுகிறார்கள். ஒன்று, கிராங்க் ஷாஃப்ட்டின் இருபுறமும் உள்ள ஆயில் சீல். பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்தால் அதன் ரப்பர் காய்ந்து சுருங்கிவிடும். மேக்னட்டோ (தீப்பொறிக்கு மின்சாரம் தரும் பகுதி) பக்கத்து சீல் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே போய்க் கலவையில் பெட்ரோலின் பங்கு குறையும். ஐட்லிங் தானாக ஏறி இறங்கும், பிஸ்டன் சூடேறி ஒரு நாள் சிலிண்டரில் இறுகிச் சிக்கிக்கொள்ளும். கியர்பாக்ஸ் பக்கத்து சீல் கசிந்தாலோ, என்ஜின் கியர் ஆயிலை உறிஞ்சி எரிக்கும். எவ்வளவு நேரம் ஓடினாலும் வெள்ளைப் புகை நிற்காது, கியர் ஆயில் அளவு காரணமின்றிக் குறையும். கிளப்பியவுடன் வரும் புகை டூ ஸ்ட்ரோக்குக்கு இயல்புதான். பத்து நிமிடம் கழித்தும் குறையாத புகையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மற்றொன்று, 2டி ஆயிலை, அதாவது டூ ஸ்ட்ரோக் என்ஜின் பெட்ரோலோடு சேர்த்து எரிக்கும் ஆயிலை, தானாகச் செலுத்தும் பம்ப். யமஹா இதை ஆட்டோலூப் என்றும் சுஸுகி சிசிஐ என்றும் அழைத்தன. வண்டியை வாங்கியவர் ஆயில் டேங்கை நிரப்பிவிட்டு நேரே ஓட்டக் கிளம்புவது வழக்கம். ஆயில் குழாயில் காற்றுக்குமிழி நின்றிருந்தால் அந்தக் குமிழி கடக்கும் வரை என்ஜினுக்கு ஒரு சொட்டு ஆயிலும் போகாது. குழாயைப் புதிதாக மாற்றி, பம்ப்பில் காற்றை வெளியேற்றி, அப்படியும் முதல் டேங்க் பெட்ரோலில் 2டி ஆயிலைக் கலந்தே ஊற்றி ஓட்டுவது பாதுகாப்பு. முன்னாள் உரிமையாளர் பம்ப்பையே கழற்றிவிட்டு அடைப்புப் போட்டிருக்கிறாரா என்று கேட்க மறக்காதீர்கள்; அதைச் சொல்லாமல் விற்கப்பட்ட வண்டி, வெறும் பெட்ரோலில் ஓரிரு கிலோமீட்டர்தான் போகும்.

ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளில் கவலை குறைவு. ஆறிய என்ஜின் கிளம்பும்போது மட்டும் நீலப் புகை வந்து மறைந்தால் பெரும்பாலும் வால்வு சீல். ஓட ஓட வந்தால் ரிங். எந்த வகையானாலும் ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து நுரைப்பஞ்சை விரலால் கிள்ளிப் பாருங்கள். பழைய பஞ்சு பொடியாக உதிரும், உதிர்ந்தது கார்புரேட்டர் வழியே உள்ளே போகும். கார்புரேட்டருக்கும் என்ஜினுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாயை வளைத்தால் மடிப்பில் வெடிப்பு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இன்று அமெரிக்காவில் பரவலாகக் கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல், அந்தக் காலத்து ரப்பருக்கு ஒத்துவருவதில்லை. மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் அது ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும்.

காகிதங்களைப் பற்றிச் சுருக்கமாக: ஃபேட் கேட், பிடபிள்யூ ஆகியவை சாலைக்கென விற்கப்பட்டவை அல்ல, எனவே பல வண்டிகள் உரிமைப் பத்திரமே இல்லாமல் கைமாறியிருக்கும். ஃபிரேம் எண்ணைச் சரிபார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். தேசிய வனங்களில் ஓட்ட, தீப்பொறியைத் தடுக்கும் கருவி சைலன்சரில் இருந்தாக வேண்டும். அழகுக்காக மாற்றிய சைலன்சரில் அது பெரும்பாலும் இருப்பதில்லை. கலிபோர்னியாவில் ஒலி வரம்பும் உண்டு. 1986க்கு முன் தயாரான வண்டிக்கு 101 டெசிபல், 1986 முதல் தயாரானதற்கு 96 டெசிபல் என்பதால், ஆர்வி90க்குக் கிடைக்கும் சலுகை 1987 மாடல் ஃபேட் கேட்டுக்குக் கிடையாது.

ஓட்டுவதில் நடக்கும் தவறுகளுக்குத் தாய் டயர் காற்றுதான். இந்த வண்டிகளின் ஷாக் அப்சார்பர் குட்டையானது. குலுக்கலில் பெரும்பகுதியை டயரே வாங்கிக்கொள்ளும்படி வடிவமைத்திருக்கிறார்கள். ஏடிவி வகை டயர்களில் காற்று ஒற்றை இலக்க பிஎஸ்ஐயில்தான் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அளவு) இருக்கும். பெட்ரோல் நிலையத்தில் கார் டயருக்கு அடிக்கும் பழக்கத்தில் அடித்தால் வண்டி ஒவ்வொரு கல்லிலும் பந்தைப் போலத் துள்ளும். துள்ளலை அடக்க டயருக்குள் எதுவும் இல்லை. இன்னும் அதிகம் அடித்தால் டயர் உப்பி நிரந்தரமாக உருக்குலையும். அறுபது பிஎஸ்ஐ வரை காட்டும் சாதாரண கேஜில் 3க்கும் 5க்கும் வேறுபாடு தெரியாது என்பதால், பத்து அல்லது பதினைந்து வரை மட்டுமே காட்டும் தனி கேஜ் ஒன்று கட்டாயம் தேவை. சரியான அளவு எது என்பதை அந்தந்த மாடலின் கையேட்டிலோ டயரின் பக்கச் சுவரிலோ பார்த்துக்கொள்ள வேண்டும்.

காற்றைக் காலையில் ஒருமுறை பார்த்தால் போதும் என்று நினைப்பதும் தவறு. 4 பிஎஸ்ஐ என்பது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் உள்ள அளவு. கடல் மட்டத்தில் வெளிக்காற்றே 14.7 பிஎஸ்ஐ. ஆகவே டயருக்குள் உண்மையில் இருப்பது 18.7. பாலைவனத்தில் விடியற்காலைக்கும் நண்பகலுக்கும் இடையே வெப்பம் 20 டிகிரி செல்சியஸ் ஏறினால் அந்த 18.7இல் ஏழு சதவீதம், அதாவது ஏறத்தாழ 1.3 பிஎஸ்ஐ கூடுகிறது. கார் டயருக்கு அது பெரிதல்ல, ஆனால் இங்கே நான்கில் 1.3 என்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. மலையேறினால் மாற்றம் இன்னும் கூடுதல். 1,500 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்று ஏறக்குறைய 12.2 பிஎஸ்ஐதான், அடிவாரத்தில் 4 காட்டிய டயர் அங்கே 6க்கு மேல் காட்டும். மேலே போய் வண்டி திடீரென்று துள்ள ஆரம்பித்தால் ஷாக் அப்சார்பரைக் குறை சொல்லாமல் முதலில் கேஜை எடுங்கள். இறங்கும்போது இதற்கு நேர்மாறு: மேலே குறைத்த காற்று கீழே வந்ததும் போதாமல் போய், கல்லில் மோதும்போது ரிம் நெளியும், ட்யூப் உள்ள சக்கரமானால் வால்வே பிய்ந்துவிடும்.

மணலில் இந்த வண்டிகள் நன்றாகவே போகும். உடலைச் சற்றுப் பின்னே வைத்து, ஆக்ஸலரேட்டரை ஏற்றி இறக்காமல் ஒரே சீராகப் பிடித்தால் முன்சக்கரம் மிதந்து செல்லும். தடுமாறுகிறதே என்று சட்டென்று ஆக்ஸலரேட்டரை விட்டால்தான் அது புதைந்து ஆளைத் தூக்கிப் போடும். வண்டியில் உயரக் கொடிக்கம்பம் பொருத்தாமல் மணல்மேடுகளில் ஏறக் கூடாது, மேட்டின் அந்தப் பக்கம் வருபவருக்குக் குள்ள வண்டி கண்ணிலேயே படாது. ஃபேட் கேட்டில் கிளட்ச் பிடி கிடையாது. கியர் மிதியை அழுத்தும்போதே கிளட்ச் விடுபடும். ஆக்ஸலரேட்டரைத் திறந்தபடியே கியரைக் குறைத்தால் பின்சக்கரம் வெட்டி இழுக்கும். குதித்துத் தாண்டும் ஆசையையும் விட்டுவிட வேண்டும். இவற்றின் ஃபிரேம் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. பழைய வண்டியில் ஹேண்டில்பார்க் கழுத்திலும் கால்மிதி பற்றவைத்த இடத்திலும் வெடிப்பு இருக்கிறதா என்று அவ்வப்போது துடைத்துப் பார்ப்பது நல்லது. கால்மிதி தரைக்கு மிக அருகில் இருப்பதால், தடுமாறும்போது காலை ஊன்றும் பழக்கம் இதில் ஆபத்தானது. ஊன்றிய கால் கல்லில் சிக்கும், வண்டி அதன்மேல் ஏறிப் போகும். கணுக்காலை மூடும் பூட்ஸ் இல்லாமல் ஏறுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஓடையைக் கடக்கும்போது அகன்ற டயர் உதவும் என்று நம்புவது இயல்பு. உண்மையில் காற்று நிறைந்த அந்தப் பெரிய டயர் நீரில் மிதக்க முயலும். அச்சு மூழ்கும் ஆழம் வந்தால் சக்கரம் தரையை விட்டு எழும்பிப் பிடிமானம் குறையும். ஓட்டமுள்ள நீரானால் வண்டி பக்கவாட்டில் தள்ளப்படும். ஆழம் தெரியாத இடத்தில் இறங்கி நடந்து பார்த்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போவதே உசிதம். கரையேறிய பிறகு டிரம் பிரேக் உடனே பிடிக்காது. தட்டையான இடத்தில் மெதுவாக ஓட்டியபடி பிரேக்கை இலேசாக அழுத்திப் பிடித்து, சூட்டில் ஈரத்தை உலர்த்திய பின்னரே சரிவில் இறங்க வேண்டும். வீடு திரும்பியதும் என்ஜின் ஆயிலையும் கியர் ஆயிலையும் பாருங்கள். நிறம் வெளிறிப் பால் கலந்தது போலிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அதை அன்றே வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றுங்கள், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பேரிங்குகளில் துரு பிடிக்கும்.