ஆபரேஷன் முடிஞ்சு வந்த பெரியவங்களை கட்டில்லயே வெச்சிடாதீங்க

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, தையலும் ஆறிட்டு வருது, ஆனா அப்பா இன்னைக்கு என்ன கிழமைன்னு நாலாவது தடவையா கேக்குறாரு, பேப்பரை கையில வெச்சிருக்காரு ஒரு பத்தியைத் தாண்ட முடியல. எங்க வீட்ல இப்படித்தான் ஆரம்பிச்சுது, ரொம்ப பயந்துட்டோம். உங்க வீட்லயும் இதே நிலைமைன்னா முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, இது நிறைய பேருக்கு வருது. 1998ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்த ஆய்வுல 60 வயசுக்கு மேற்பட்ட 1,200 பேருக்கு மேல, பெரிய ஆபரேஷனுக்கு அப்புறம் டெஸ்ட் பண்ணிப் பாத்தாங்க. ஒரு வாரத்துல கிட்டத்தட்ட 26 சதவீதம் பேருக்கு ஞாபகமும் கவனமும் முன்ன மாதிரி இல்ல, 3 மாசத்துல அது 10 சதவீதமா குறைஞ்சுது. அப்போ பாதிக்கு மேல தெளிஞ்சுடறாங்க, ஆனா அந்த வாரங்களை எப்படிக் கழிக்கறாங்கங்கறது ரொம்ப முக்கியம்.

நாங்க பண்ண தப்பு பாசத்துல பண்ணதுதான். "நீங்க படுங்கப்பா, நான் எடுத்துட்டு வரேன்". தண்ணி, சாப்பாடு, மாத்திரை எல்லாம் கட்டிலுக்கே போச்சு. பகல் பூரா தூக்கம், ராத்திரி முழிப்பு, முழிச்சா குழப்பம், மறுநாள் சோர்வு, மறுபடி பகல் தூக்கம். நல்லா இருந்த பெரியவங்களையே 10 நாள் படுக்க வெச்சுப் பாத்த ஆய்வு ஒண்ணு 2007ல வந்துது, அதுல ரெண்டு கால்லயும் சேத்து ஏறக்குறைய ஒரு கிலோ சதை போயிடுச்சு. ஆபரேஷன் ஆன உடம்புக்கு சொல்லவே வேணாம்.

நடந்தா உடனே ஞாபகம் திரும்பிடும்னு நான் சொல்லல. ஆனா மூளையைக் கலக்கற விஷயங்கள் எதுன்னு பாருங்க: கெட்டுப்போன தூக்கம், வலி, மலச்சிக்கல், பசியில்லாம தண்ணிகூட குடிக்காம இருக்கறது, நாள் பூரா ஒரே சுவத்தைப் பாக்கறது. அசைஞ்சா இதுல ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சமா சரியாகுது.

முதல் வேலை, டிஸ்சார்ஜ் ஆகும்போதே டாக்டர்கிட்டயும் பிசியோகிட்டயும் என்னென்ன செய்யக்கூடாதுன்னு கேட்டு ஒரு பேப்பர்ல எழுதி சுவத்துல ஒட்டிடுங்க. இடுப்பு மூட்டு மாத்தினவங்களுக்கு குனியறது, கால் மேல கால் போடறது தடை இருக்கலாம், நெஞ்சைத் திறந்து பண்ணவங்க கையை ஊணி எழுந்திருக்கக்கூடாதுன்னு சொல்லலாம், வயித்துல பண்ணவங்களுக்கு வெயிட் தூக்கறதுல கட்டுப்பாடு இருக்கும். அந்த எல்லைக்குள்ளதான் மத்ததெல்லாம்.

எழுப்பும்போது அவசரப்படாதீங்க. கட்டில் ஓரத்துல காலைத் தொங்கப் போட்டு ஒண்ணு ரெண்டு நிமிஷம் உக்காரட்டும், பாதத்தை மேலயும் கீழயும் ஆட்டட்டும், தலை சுத்துதான்னு கேளுங்க, இல்லன்னா மட்டும் நிக்க வைங்க. பிரஷர் மாத்திரை போடறவங்களுக்கு எழுந்த உடனே பிரஷர் இறங்கி விழற ஆபத்து அதிகம். கண்ணாடியும் ஹியரிங் எய்டும் போட்டுவிட்டுட்டுதான் எழுப்பணும், சரியா பாக்காம கேக்காம இருந்தாலே பாதி குழப்பம் வந்துடும். வழியில கிடக்கற மிதியடி, ஒயர் எல்லாம் எடுத்துடுங்க, தொளதொள செருப்பு வேணாம், ராத்திரி பாத்ரூம் வழியில சின்ன லைட் எரியட்டும்.

இதுக்குன்னு தனியா எக்சர்சைஸ் டைம் போட்டு கஷ்டப்பட வேணாம், அன்னாட வேலையிலயே நடமாட்டத்தை நுழைச்சிடலாம். காலையில திரையை விலக்கி, முகம் கழுவி, ராத்திரி டிரஸ்ஸை மாத்திடணும். மூணு வேளையும் நாற்காலியில உக்காந்துதான் சாப்பாடு. பாத்ரூமுக்கு முடிஞ்சவரைக்கும் நடந்து, வாக்கர் வேணும்னா வாக்கரோட. நடுநடுவுல வீட்டுக்குள்ளயே 3, 4 நிமிஷ நடை, ஒரேயடியா அரைமணி நேரம் நடக்க வெக்கறதைவிட இப்படி பல தடவை நடக்கறது அவங்களுக்குத் தாங்கும். பேசிட்டே நடக்க முடிஞ்சா அளவு சரி, மறுநாள் எழுந்திருக்கவே முடியலன்னா முந்தின நாள் ஜாஸ்தியாயிடுச்சு, குறைச்சுக்கோங்க. வலியோட யாரும் நடக்க மாட்டாங்க, அதனால வலி மாத்திரை எத்தனை மணிக்கு குடுத்தா நடக்கற நேரத்துக்கு வேலை செய்யும்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

எங்க அப்பாவை மாத்தினது துண்டு மடிக்கற வேலைதான்னு நான் நம்புறேன். உக்காந்துட்டே மடிப்பாரு, அப்புறம் எழுந்துபோய் அலமாரியில வெப்பாரு. எது யாரோடது, எங்க வெக்கணும், அடுத்து என்ன, கையும் காலும் மனசும் சேந்து ஓடுது. செடிக்குத் தண்ணி ஊத்தறது, சாப்பாட்டுக்கு தட்டு எடுத்து வெக்கறது எல்லாம் இதே வகை. மெதுவாத்தான் செய்வாங்க, தப்பாவும் செய்வாங்க, பிடுங்கிடாதீங்க. "இது யாரு சொல்லுங்க பாப்போம்"னு பரிட்சையும் வைக்காதீங்க, அது அவங்களைக் கூச வைக்குது. அதுக்குப் பதிலா "இன்னைக்கு செவ்வாய், சாயங்காலம் தங்கச்சி வரா"ன்னு நீங்களே பேச்சுல சொல்லிடுங்க.

தூக்கம் வரலன்னு தூக்க மாத்திரையோ, டைபென்ஹைட்ரமின் இருக்கற சளி அலர்ஜி மருந்தோ நீங்களா குடுத்துடாதீங்க, பெரியவங்களுக்கு இதெல்லாம் குழப்பத்தை இன்னும் கூட்டும்.

சில மணி நேரத்துலயோ ஒரு நாள்லயோ திடீர்னு ஆளு மாறிட்டா அது டெலிரியமா (திடீர்னு வர்ற மூளைக் குழப்பம்) இருக்கலாம், அன்னைக்கே டாக்டரைப் பாக்கணும். கத்தி ரகளை பண்றது மட்டும் டெலிரியம் இல்ல, அமைதியா, மந்தமா, கூப்பிட்டா சரியா கண்ணு திறக்காம கிடக்கறதும் அதுதான், நல்லா ரெஸ்ட் எடுக்கறாங்கன்னு நினைச்சு பல வீடுகள்ல விட்டுடறாங்க. ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சாலும் அதே நாள்ல காட்டுங்க. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, முகம் ஒரு பக்கம் கோணறது, ஒரு கை தொய்யறது இதுல எது வந்தாலும் நடையெல்லாம் நிறுத்திட்டு நேரா எமர்ஜென்சிக்குப் போங்க.

ஒரு நோட்டுல தினம் மூணே வரி எழுதுங்க: எத்தனை தடவை எழுந்தாங்க, ராத்திரி எப்படி தூங்கினாங்க, பேச்சு எப்படி இருந்துது. ஒரு நாள் நல்லா இருக்கும் மறுநாள் சறுக்கும், அதனால வாரத்துக்கு வாரம் ஒப்பிட்டுப் பாருங்க. 3 மாசம் கழிச்சும் மாத்திரையை மறக்கறாங்க, பணக் கணக்கு தடுமாறுதுன்னா அந்த நோட்டோடயே டாக்டர்கிட்ட போய் ஞாபக சோதனை பண்ணச் சொல்லுங்க. பின்னாடி இன்னொரு ஆபரேஷன் வந்தா மயக்க மருந்து டாக்டர்கிட்ட போன தடவை இப்படி ஆச்சுன்னு முன்னாடியே சொல்லிடுங்க.